கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஒரு நாடகப் பாடகியின் வரலாற்றுக்கு இடம் என்ன என்று வினவுவோர் இருக்கக்கூடும். பள்ளிப் படிப்பென்று சொல்லத்தக்கது ஏதுமின்றி, புகைவண்டியில் பாடிப் பிழைத்த ஒரு சிறுமி, தம் குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு சட்டமன்ற மேலவை வரை சென்ற வரலாறு இது என்பது ஒரு விடை. நம் மக்களுக்கு நெருக்கமான மற்றொரு விடையும் உண்டு. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனாரைப் பேசும் படத்தில் நடித்துக் காட்டியவர்களுள் நாடறிந்த பெண்மணி இவரே. அந்த நந்தன் கதை நம்மவர்க்குப் பெருமையாகவும் நெருடலாகவும் ஒருங்கே விளங்கி வருவது. ஆகவே சுந்தராம்பாளின் வாழ்வைச் சொல்லும்போது நந்தனைப் பற்றியும் சிறிது நின்று பேச வேண்டியிருக்கிறது.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பாலாம்பாள். பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளில் முதலாவது ஊரைக் குறிப்பது. இரண்டாவது தாயைக் குறிப்பது. தகப்பன் பெயரை முன்னிட்டே பிள்ளைகள் அறியப்பட்ட காலத்தில், தாயின் பெயரைத் தாங்கி உலகறிய வாழ்ந்தவர் அவர். தந்தையின் ஆதரவு சிறு வயதிலேயே இல்லாமற் போயிற்று. குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய் பட்ட பாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய தாய்மார் நம் வீதிகளிலும் உண்டு. கொடுமுடி, ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர். அப்பாதையில் ஓடிய வண்டிகளே சிறுமியின் முதல் மேடை. பயணிகள் இட்ட காசே முதல் ஊதியம். அவ்வண்டியில் அவர் குரலைக் கேட்டு வியந்த நாடக ஆர்வலர் ஒருவர் வாயிலாக அவர் வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்க்கப்பட்டார்.

முதலில் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த பிள்ளையாகத் தோன்றிப் பாடியபோது கொட்டகை முழுவதும் கண்ணீர் விட்டது என்பர். பசி எத்தகையது என்பதை அச்சிறுமிக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்காலத்து நாடகம் எவ்வாறிருந்தது என்பதை இன்றைய இளைஞர்க்குச் சிறிது விளக்குதல் நலம். மேலைநாடுகளில் ஆப்பரா என்றொரு கலை உண்டு. கதை முழுவதையும் பாத்திரங்கள் பாடியே நடத்துவர். பெண் குரல்களில் மிக உயர்ந்த சுருதியில் பாடுவோரை அவர்கள் சொப்ரானோ என்பர். நம் நாட்டில் அதற்கு மிக நெருங்கியது, சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வளர்த்த இசை நாடகம். 1867ஆம் ஆண்டு பிறந்து 1922ஆம் ஆண்டு மறைந்த சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக ஆக்கி வைத்தார். நடிகர்கள் அவற்றை மனப்பாடம் செய்திருப்பர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே இரவில் மேடையில் சந்தித்து, ஒத்திகை ஏதுமின்றி விடிய விடிய நடத்துவதை ஸ்பெஷல் நாடகம் என்றனர். எதிரில் நிற்பவர் எந்த இராகத்தில் எந்தப் பாட்டை எடுப்பார் என்பது தெரியாது. எடுத்தவுடன் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். தோற்றவரைச் சபையினர் கூசாமல் ஏசுவர். வென்றவரை ஒரே பாட்டை மூன்று முறை நான்கு முறை பாடச் சொல்லி விடமாட்டார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் மணல்தரையில் அமர்ந்திருந்த ஏழைக்கும் பாட்டு எட்ட வேண்டும். ஆகையால் நாடகப் பாடகர்கள் உச்ச சுருதியிலேயே பாடினர். ஆர்மோனியத்தின் கட்டையை வைத்துச் சுருதியைக் குறிப்பது வழக்கம். கச்சேரி செய்யும் ஆண் வித்துவான்கள் ஒன்று, இரண்டு கட்டையில் பாட, சுந்தராம்பாள் ஐந்து கட்டையில் அநாயாசமாக நின்றார். அந்த உயரத்திலும் சொல் சிதையாது. வல்லினம் வல்லினமாகவும் இடையினம் இடையினமாகவும் காதில் விழும். எழுத்தறியாத கூட்டத்துக்குப் பாட்டின் பொருள் புரிந்ததற்கு இதுவே காரணம். பெரிய சங்கீத மேதைகள் பலரிடம் காணக்கிடைக்காத குணம் இது என்பது என் கருத்து.

பெண்கள் மேடையேறுவது இழிவென்று கருதப்பட்ட காலமும் அதுவே. பெண் வேடத்தைப் பெரும்பாலும் சிறுவர்களே தரித்தனர். மேடைக்கு வந்த பெண்ணின் பாட்டை விடிய விடியக் கேட்டவர்களே, பொழுது விடிந்ததும் அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினர்.

இளம் வயதிலேயே சுந்தராம்பாள் குழுவோடு இலங்கைக்குச் சென்று நடித்தார். அங்கிருந்த தமிழ் மக்களிடையே அவருக்குப் பெரும் புகழ் உண்டாயிற்று. 1926ஆம் ஆண்டு கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா அப்போது தமிழ் மேடையின் முடிசூடா மன்னர். அவரோடு நின்று பாடினால் இவர் அடிபட்டுப் போவார் என்று எச்சரித்தவர்களும் உண்டு. நடந்தது வேறு. வள்ளி திருமணத்தில் இருவரும் மாற்றி மாற்றிப் பாடிய பாடல்கள் கொழும்பிலும் பின்னர்த் தமிழகமெங்கும் பேசப்பட்டன. அவ்விருவரும் 1927இல் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பா பிராமணக் குடும்பத்தவர், முன்னரே மணமானவர். அக்குடும்பமும் அச்சமூகமும் இவரை எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. மேடையில் ஒன்றிய வாழ்வு வீட்டில் அவ்வாறு ஒன்றவில்லை. பிணக்கும் பிரிவும் ஏற்பட்டன. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்துள்ளன. அவற்றில் அன்பும் ஆற்றாமையும் கலந்து கிடக்கின்றன.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தி, அணிகலன்களைத் துறந்து, இனி ஆண் நடிகரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அவ்வுறுதியில் நின்றார். இதனைப் பலரும் கற்பின் இலக்கணமாகப் பாராட்டி எழுதியுள்ளனர். அவருடைய மனவுறுதியை நாமும் மதிக்கிறோம். ஆயினும் இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த ஒரு பெண் வண்ணச் சேலையைத் துறக்க வேண்டும் என்பதை நம் பெண் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட மனம் ஒப்பவில்லை. அவரிடம் நாம் கண்டு வியக்க வேண்டுவது பிறிதொன்று. துணையை இழந்த பின்னும் அவர் வாய் மூடிக் கிடக்கவில்லை. விதவை மங்கல மேடையில் தோன்றலாகாது என்றிருந்த நாட்டில், வெள்ளைச் சேலையோடு வந்து நின்று பாடினார், நாடு கேட்டது.

அதே 1933ஆம் ஆண்டு, கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்னும் நகரில் சிசரெட்டா ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாடகி வறுமையில் இறந்தார். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகள் அவர். அரிய சொப்ரானோ குரல் படைத்தவர். வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர்கள் முன்னிலையில் பாடியவர். நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் பாடியவர். எனினும் ஆப்பரா குழு எதுவும் அவரைத் தன் மேடையில் ஏற்றவில்லை, நிறமே தடை. ஆகையால் 1896 முதல் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். அந்நிகழ்ச்சியில் கோமாளிக் கூத்து முதலிற் காட்டப்படும். இறுதியிலேதான் அவர் ஆப்பராப் பாடல்களைப் பாடுவார். அந்தக் கடைசிப் பகுதிக்காகவே மற்றதையெல்லாம் சகித்தார் போலும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மேடையில் மேரியன் ஆண்டர்சன் என்ற முதல் கறுப்பினப் பாடகி ஏறியது 1955இல்தான். சிசரெட்டாவின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நடப்பட்டதோ 2018இல். குரலுக்குச் சாதியும் நிறமும் இல்லை, கதவுக்கு உண்டு.

இனி நந்தனுக்கு வருவோம். பேசும் படம் தமிழகத்துக்கு வந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. ஆசன்தாஸ் என்னும் செல்வர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிச் சுந்தராம்பாளை அணுகினார். கணவனை இழந்த துயரத்தில் ஒதுங்கியிருந்த அவர், மறுப்பதற்கு ஒரு வழியாகவே ஒரு இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், வந்தவர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டனர் என்றும் சொல்வர். ஒரு சவரன் பொன் முப்பது ரூபாயைத் தொடாத காலத்து இலட்சம் அது. இந்தியாவில் அந்நாள் வரை எந்த நடிகரும் பெற்றிராத ஊதியம் என்று பேசப்பட்டது. மாணிக் லால் டாண்டன் இயக்கிய அப்படம் 1935இல் வெளிவந்தது. நந்தனாகச் சுந்தராம்பாளும், நந்தனை ஆட்டிப்படைக்கும் வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் நடித்தனர். ஆண்களோடு இணை சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதிக்கு ஆண் வேடமே வழி செய்தது. படத்தை எல்லோரும் பாராட்டிவிடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதனைக் கேலி செய்து எழுதினார். படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் ஆட்டுக்குட்டியும் என்கிற பாணியிலான கேலி. ஆயினும் மக்கள் பாட்டுக்காகச் சென்று கேட்டனர்.

இங்கே நம் இளைஞர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று சொல்லப்படும் நந்தனாரின் கதையில் கொடிய வேதிய ஆண்டையே இல்லை. அங்கே நந்தனார், கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்து வாழ்ந்தவர். இறைவனுக்கு முன் ஒலித்த இசைக் கருவிகளுக்கு உயிரான பொருள்களைத் தந்தவரே அக்கருவிகள் ஒலித்த இடத்துக்குள் செல்ல இயலாதவராயிருந்தார். வேதியரைப் படைத்துச் சேர்த்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதனை விரும்பவில்லை. நாமோ பாரதியாரை அதற்காகக் குறை கூற மாட்டோம். பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவனின் நிலையைப் பாட்டில் வைத்து, ஊர் தோறும் கேட்கச் செய்தார். அவர் காலத்துப் பண்ணையாட்கள் பட்ட துன்பம் புராணத்தில் இல்லாவிடினும் வயலில் இருந்தது.

ஆனால் கதையின் முடிவு அப்படியே நின்றது. தீயில் மூழ்கித் தூய்மையுற்ற பின்னரே நந்தன் தில்லைக்குள் புகுகிறான். ஏன் மூழ்க வேண்டும் என்ற வினாவைக் கீர்த்தனையும் எழுப்பவில்லை, படமும் எழுப்பவில்லை. படம் வந்த 1935ஆம் ஆண்டிலேயே, அக்டோபர்த் திங்களில், நாசிக்கு அருகிலுள்ள யேவலாவில் டாக்டர் அம்பேத்கர், தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். நாசிக்கின் காலாராம் கோயில் வாயிலில் நம் மக்கள் 1930 முதல் ஐந்தாண்டுகள் போராடியும் கதவு திறக்காததன் விளைவு அது. திரையில் ஒருவன் உள்ளே வர மன்றாடுகிறான். யேவலாவில் ஒருவர் அந்த வாயிலையே விட்டு வெளியேறுகிறார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் நுழைந்தது 1939 ஜூலையில். இவற்றுக்கு நடுவே வைத்துப் பார்த்தால்தான் அப்படத்தின் மதிப்பும் குறையும் ஒருங்கே விளங்கும்.

அதே நந்தன் பெயரை வேறு வகையில் கையாண்டவரும் தமிழகத்தில் இருந்தார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். நந்தனைத் தீயில் இறங்கச் சொன்ன ஊரிலேயே நந்தன் பெயரால் எழுத்தறிவித்தார். சுவாமிகள் 1959இல் மறையும் வரை அப்பணியில் இருந்தார். சட்டமன்றத்திலும் நம் மக்களுக்காகப் பேசினார். கல்விச் சங்கம் நடத்தும் நாம் சுவாமிகள் பக்கமே நிற்போம். ஆனால் சுந்தராம்பாள் அந்த வேடத்தை ஏற்றதை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. இலட்ச ரூபாய்க்கு எந்த அரசகுமாரனாகவும் தோன்றியிருக்கலாம். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் கந்தலுடுத்த பண்ணையாளாக நின்று பாடினார். சேரிக்குள் காலெடுத்து வைக்காதவர்களும் காசு கொடுத்துச் சென்று சேரியில் பிறந்தவன் பாட்டைக் கேட்டனர்.

அரசியலில் அவர் காங்கிரசைச் சார்ந்தவர். சத்தியமூர்த்தியின் தொடர்பால் கிட்டப்பாவும் அவரும் நாட்டுப்பற்றுப் பாடல்களை மேடையில் பாடி வந்தனர். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். அவர் பாடிய பின்னரே பேச்சு. பாட்டு இல்லையெனில் கூட்டம் இல்லை. சொத்தும் படிப்பும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்த காலமாதலால், கேட்டுக் கண்ணீர் விட்டவருள் பெரும்பாலோர் வாக்குச் சாவடிக்குள் செல்ல முடியாதவர்கள் என்பதையும் குறிக்க வேண்டும். காந்தியடிகள் கொடுமுடியில் அவருடைய இல்லத்துக்கு வந்தபோது பொன் தட்டில் உணவளித்தார் என்றும், உணவு மட்டுந்தானா என்று அடிகள் கேட்க, தட்டையும் நிதிக்கு ஈந்தார் என்றும் ஒரு நிகழ்ச்சி பலராலும் சொல்லப்படுகிறது. புகைவண்டியில் காசுக்குக் கையேந்திய சிறுமி பொன் தட்டை ஈயும் நிலைக்கு உயர்ந்திருந்தார்.

1940இல் மணிமேகலை வந்தது. பின்னர் நெடுங்காலம் திரைக்கு வரவில்லை. ஜெமினி வாசன் பெரும்பொருள் செலவிட்டு எடுத்து 1953இல் வெளியிட்ட ஔவையார் அவரை மீண்டும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படத்தைக் கண்ட தலைமுறைக்கு ஔவை என்றால் சுந்தராம்பாளின் முகமே நினைவுக்கு வரும். கோலூன்றி ஊர் ஊராகச் சென்று, மன்னன் முன்னும் மாடு மேய்ப்பவன் முன்னும் ஒரே குரலில் பேசும் மூதாட்டி வேடம் அவருக்குத் தனியே தைத்த சட்டை போல் பொருந்திற்று. 1950களில் சென்னை மாநிலச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். நாட்டிலேயே திரைக்கலைஞர்களுள் சட்டமன்றத்துக்குள் புகுந்த முதல்வர் அவரே என்பர். பின்னாளில் தமிழகத்தில் அவ்வழியே வந்தவர்கள் எத்துணைப் பேர் என்பதை நாம் அறிவோம்.

1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். திரைக்கதை கலைஞர் கருணாநிதியுடையது. தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் பாடற்பகுதியைப் பாட முருக பக்தரான அவர் இசையவில்லை என்றும், சொல்லை மாற்றிய பின்னரே பாடினார் என்றும் கூறுவர். கொள்கையால் வேறுபட்டிருந்தும் இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர். திருவிளையாடல் 1965இலும் கந்தன் கருணை 1967இலும் வந்தன. இரண்டிலும் அவர் ஔவையே, இசை கே. வி. மகாதேவன். 1969இல் வெளிவந்த துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. மறு ஆண்டு, 1970இல், பத்மஸ்ரீ விருது வந்தது. அறுபது வயதுக் குரல் இருபது வயதுச் சுருதியில் நின்றதை அறிய விரும்புவோர் அக்காலத்துப் பாடல்களை ஒருமுறை கேட்டாற் போதும்.

ஈட்டிய பொருளைக் கொண்டு பிறந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கு கட்டினார். சென்னையில் எத்துணைப் புகழ் கிடைத்த போதும் கொடுமுடியாள் என்றே தம்மைக் கருதினார். 1980ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மறைந்தார்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. தொழிற்சாலை இரவு வேலை முடிந்து விடியலில் வீடு திரும்பும் நம் பிள்ளைகள், தைப்பூச நாள்களில் முருகன் கோயில் ஒலிபெருக்கியில் அவர் குரலைக் கேட்டிருப்பர். பாடுபவர் பெயரை அவர்களுள் பலர் கேட்டறிந்ததில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை மணலில் அமர்ந்திருந்தவனுக்காகப் பழக்கப்பட்ட குரல் அது.